காய்களின் நிறமும் கண்களின் நியாயமும்

திருத்தணி ஓர் எல்லை ஊர். 365 படிகளைக் கொண்ட அதன் மலைக்கோயிலைத் தமிழகம் முழுதும் அறியும். டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888-ஆம் ஆண்டில் பிறந்த ஊர் என்பதையும் பள்ளிப் பிள்ளைகள் அறிவர். 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதனுள் அடங்கிய திருத்தணி, பட்டாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் முதல் நாளன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அரசாங்கக் கோடு இப்படி ஒருமுறைக்கு இருமுறை இடம் மாறியது. ஆனால் அக்கோட்டின் இருபுறத்திலும் வீட்டுத் திண்ணைகளில் ஆடப்பட்ட ஆட்டங்கள் மாறவில்லை.

தமிழர் பல்லாங்குழி என்பதைத் தெலுங்கர் வாமனகுண்டலு என்பர். நமது ஆடுபுலி ஆட்டம் அவர்களுக்குப் புலிமேக்க. கூட்டல் குறி போன்ற பலகையிலே சோழி உருட்டி ஆடுவதை அவர்கள் பச்சீசு என்று சொல்ல, நாம் அதற்கு உறவான ஆட்டங்களைத் தாயம் என்ற பெயரில் அடக்கிக் கொள்கிறோம். பெயர் இரண்டாயினும் ஆட்டம் ஒன்றே. ஒருவர் மொழியை ஒருவர் அறியாத இருவரும் எதிரெதிரே அமர்ந்து ஆட முடிந்தது. எந்தக் காய் யாருடையது என்பதை மொழி சொல்லவில்லை, காயே சொல்லிற்று. அப்படிச் சொல்வதற்குக் காய்க்கு நிறம் எவ்வாறு துணை நின்றது, எந்த நிறத்தோடு எந்த நிறத்தைச் சேர்த்தார்கள், அச்சேர்க்கையில் யாருக்கு நன்மை, யாருக்கு இடர் என்பதை வரலாற்றின் வழியே காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். விளையாட்டுச் சாமான் பற்றி இத்தனை ஆராய்ச்சி தேவையா என்று வாசக அன்பர்கள் எண்ணக்கூடும். ஒரு பலகையைச் சுற்றிப் பாட்டியும் பேரனும் ஒன்றாக அமரும் வீட்டில் இது சிறிய செய்தியன்று.

நிறம் வேண்டாத ஆட்டங்கள்

எல்லா ஆட்டத்துக்கும் நிறம் வேண்டுவதில்லை. பல்லாங்குழியை எடுத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 7 ஆக 14 குழிகள். சோழியோ புளியங்கொட்டையோ மஞ்சாடியோ, கையிற் கிடைத்தது எதுவாயினும் போதும். அங்கே ஒரு முத்து யாருக்கு உரியது என்பதை அது கிடக்கும் இடம் முடிவு செய்கிறது. குழி மாறினால் உரிமையும் மாறும். ஆகவே நிறத்துக்கு அங்கே வேலையில்லை.

ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலிகளும் 15 ஆடுகளும் இரு தரப்பாக நிற்கின்றன. இங்கே உரிமையைச் சொல்வது இனம். புலிக்குப் பெரிய கல், ஆட்டுக்குச் சிறிய கல் என்று வைத்துக்கொண்டால் இருட்டிலும் விரலால் தடவி அறியலாம். தமிழகத்துக் கோயில் மண்டபங்களின் கல்தரையில் இவ்வாட்டக் கோடுகள் வெட்டப்பட்டிருப்பதைக் காண்கிறோம். பலகை கல்லிலே நிலைத்தது. காய்களோ அன்றன்று பொறுக்கிய கூழாங்கற்களாகவே இருந்திருக்க வேண்டும்.

தாயத்துக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. இருவரோ நால்வரோ ஒரே பாதையில் ஒருவர்பின் ஒருவராகக் காய் நகர்த்துகின்றனர். காய்கள் ஒன்றோடொன்று கலக்கின்றன, வெட்டுகின்றன, மீண்டும் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகின்றன. இங்கே இடமும் உரிமை சொல்லாது, இனமும் சொல்லாது. ஒருவர் சோழியையும், ஒருவர் புளியங்கொட்டையையும், ஒருவர் உடைந்த வளையல் துண்டையும் காயாக வைத்துக்கொண்டதன் காரணம் இதுதான். வெள்ளைச் சோழிக்கும் கருத்த கொட்டைக்கும் நிறமும் வேறு, வடிவும் வேறு. இரண்டு சாட்சிகள் ஒருங்கே நின்று உரிமையைச் சொல்லின.

புளியங்கொட்டையின் ஒரு புறத்தைக் கல்லில் உரைத்து வெண்மையாக்கி, சோழிக்கு மாற்றாக உருட்டுகிற வழக்கமும் நம்மிடையே உண்டு. கருப்பு விழுந்ததா வெள்ளை விழுந்ததா என்று எண்ணிக் காய் நகர்த்துவர். இதைக் கண்டுபிடித்தவர் எந்த ஓவியப் பள்ளியிலும் பயின்றவரல்லர். ஆயினும் கண்ணுக்கு மிக எளிதில் வேறுபடுவது வெளிச்சமும் இருளும்தான் என்ற உண்மையை அவர் ஒரு கொட்டையின் இரு புறங்களில் எழுதி வைத்துவிட்டார்.

மரகதமும் மாணிக்கமும்

சதுரங்கம் இந்தியாவிலிருந்து பாரசீகம் சென்ற கதையைப் பஹ்லவி மொழிச் சிறுநூல் ஒன்று கூறுகிறது. இந்திய அரசன் நூஷிர்வானின் அவைக்கு அனுப்பிய காய்களில் 16 மரகதத்தாலும் 16 மாணிக்கத்தாலும் ஆனவை என்பது அந்நூலின் கூற்று. ஒரு படை பச்சை, ஒரு படை சிவப்பு. அதே கதையைப் பின்னாளில், கி.பி. 1010 அளவில் நிறைவுற்ற ஷாநாமாவில் பாடிய ஃபிர்தவ்ஸி, தந்தத்தையும் தேக்கையும் காய்களுக்கு உரிய பொருளாகச் சொன்னார். அங்கே ஒரு படை வெளிறியது, ஒரு படை கருத்தது. கதை ஒன்றாயினும் நிறம் சேர்க்கும் முறை இரண்டு என்பது கவனிக்கத்தக்கது. முதலாவது நிறத்துக்கு நிறம் எதிராக வைப்பது. இரண்டாவது வெளிச்சத்துக்கு இருளை எதிராக வைப்பது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இவ்விரு முறைகளும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கின்றன.

முஸ்லிம் நாடுகளில் இவ்வாட்டம் ஷத்ரஞ்ச் என்ற பெயரில் வேரூன்றிற்று. அது கூடுமா கூடாதா என்பதில் மார்க்க அறிஞரிடையே கருத்து வேற்றுமை இருந்தது. பணையம் வைத்தாடுவதை அனைவரும் விலக்கினர். பணையமின்றி, தொழுகையை மறக்கச் செய்யாத அளவில் ஆடுவதை ஷாஃபிஈ மத்ஹபினர் விரும்பத்தகாதது என்ற அளவோடு நிறுத்தினர். பிற மத்ஹபினர் இன்னும் கண்டிப்பாக இருந்தனர். அந்த விவாதம் இங்கே நமக்குப் பொருளன்று. ஆனால் உருவங்களைச் செதுக்கத் தயங்கிய கைவினைஞரின் மனப்பாங்கு காய்களின் தோற்றத்தை மாற்றியது என்பது நமது பொருளுக்கு மிகவும் வேண்டியது. யானை, யானையாக இல்லாமல் இரு சிறு முனைகள் கொண்ட உருளை ஆயிற்று. குதிரை, ஒரு முனை துருத்திய குமிழ் ஆயிற்று. படைவீரனுக்கு முகமில்லை, உடையில்லை, கொடியில்லை. அப்படியானால் இவன் எந்தப் படையைச் சேர்ந்தவன் என்பதை எதனால் அறிவது? நிறம் ஒன்றே அடையாளமாக எஞ்சியது.

ஈரானின் நைசாப்பூரில் 12-ஆம் நூற்றாண்டில் செய்த ஒரு தொகுதி இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சூளையில் சுட்டு மெருகேற்றிய அக்காய்களில் ஒரு படை பேரோஜா எனப்படும் நீலப்பச்சை, மறு படை கருமை தோய்ந்த ஊதா. செம்பு கலந்த மெருகு நீலப்பச்சையையும், மாங்கனீசு கலந்த மெருகு ஊதாவையும் தரும். குயவனின் பட்டறையில் எளிதாகக் கிடைத்த இரு நிறங்கள் அவை. அவற்றுள் ஒன்று வெளிச்சமானது, மற்றது இருண்டது. நிறத்தைச் சற்றே மறந்துவிட்டுப் பார்த்தாலும் இரு படைகளும் தனித்தனியே தெரியும். மரகத முறையும் தந்த முறையும் ஒன்றாகச் சேர்ந்த நல்ல இணை என்று இதனைச் சொல்லலாம்.

நால்வர் ஆட்டத்தில் நட்பின் நிறம்

இருவர் ஆடும்போது எதிரியைப் பிரித்தறிந்தால் போதும். நால்வர் இருவர் இருவராகக் கூடி ஆடும்போது நண்பனையும் அறிய வேண்டும். நிறச் சேர்க்கை என்னும் கலை அங்கேதான் உண்மையில் தொடங்குகிறது.

கி.பி. 1030 அளவில் இந்தியாவைப் பற்றி எழுதிய அறிஞர் அல்பீரூனி, இங்கே நால்வர் பகடை உருட்டிச் சதுரங்கம் ஆடுவதை விவரித்திருக்கிறார். பிற்கால வடமொழி நூலொன்று அந்நால்வர் சதுரங்கத்தின் நிறங்களை வரிசைப்படுத்துகிறது. கிழக்கே சிவப்பு, தெற்கே பச்சை, மேற்கே மஞ்சள், வடக்கே கருப்பு. எதிரெதிரே அமர்பவர் கூட்டாளிகள். ஆகவே சிவப்பும் மஞ்சளும் ஓர் அணி. பச்சையும் கருப்பும் ஓர் அணி. நெருப்பின் இரு நிறங்கள் ஒருபுறமும், நிழலின் இரு நிறங்கள் மறுபுறமுமாக நிற்பதைப் பார்த்தவுடனே யார் யாருக்கு உறவு என்று புதியவனும் சொல்லிவிடுவான்.

அக்பர் அவையில் ஆடப்பட்ட சௌப்பர் ஆட்டத்தை அபுல் ஃபஸல் ஆயினே அக்பரியில் விளக்குகிறார். 16 காய்களும் ஒரே வடிவம்; நந்நான்கு காய்கள் ஒரே நிறம் என்பது அவர் தரும் இலக்கணம். வடிவத்தால் அறிய வழியே இல்லாமல் உரிமை முழுவதையும் நிறத்திடம் ஒப்படைத்த ஆட்டம் அது. ஃபதேப்பூர் சிக்ரியின் முற்றத்தில் கல்லிற் பதித்த பச்சீசிப் பலகையில், வண்ண உடையணிந்த பணிப்பெண்களையே காய்களாக நிறுத்தி அக்பர் ஆடினார் என்று செவிவழிச் செய்தியும் உண்டு.

பச்சீசியிலும் அதே நான்கு நிறங்கள்தாம். ஆனால் கூட்டணி வேறு. மஞ்சளும் கருப்பும் ஓர் அணி. சிவப்பும் பச்சையும் ஓர் அணி. சதுரங்கத்தில் எதிரிகளாக நின்ற சிவப்பும் பச்சையும் இங்கே நண்பர்கள். இந்தக் கூட்டணியைக் கண் தானாகச் சொல்லாது. பழக்கம் சொல்ல வேண்டும். வழிவழியாக ஆடியவருக்கு இதில் தயக்கமில்லை. புதிதாக அமர்ந்தவரோ தம் கூட்டாளியின் காயைத் தாமே வெட்ட முனைவர். பலகையைச் சுற்றிச் சிரிப்பு எழும்.

பச்சீசி ஆங்கிலேயர் வழியே கடல் கடந்தது. 1896-இல் அங்கே லூடோ என்ற பெயரில் காப்புரிமை பெற்றுப் பின்னர் நம்மிடமே திரும்பி வந்தது. வரும்போது கருப்பை விட்டு நீலத்தைக் கொண்டு வந்தது. இன்று நம் கடைகளில் விற்கும் பலகைகளில் பெரும்பாலும் சிவப்புக்கு எதிரே மஞ்சளும், பச்சைக்கு எதிரே நீலமும் இருக்கக் காண்கிறோம். கூட்டாக ஆடினால் வெம்மை நிறங்கள் இரண்டும் ஓர் அணி, குளிர் நிறங்கள் இரண்டும் ஓர் அணி. பழைய நால்வர் சதுரங்கத்தின் உறவுமுறையே அச்சுப் பலகையில் மீண்டும் வந்து நிற்கிறது.

முகலாயரின் கஞ்சிஃபா சீட்டிலும் இதற்கொரு சான்று உண்டு. பாபர் 1527-இல் சிந்துவில் இருந்த ஷா ஹசனுக்குக் கஞ்சிஃபாச் சீட்டுகளை அனுப்பியதைத் தமது வரலாற்றில் எழுதியிருக்கிறார். எட்டு வகை, வகைக்கு 12 ஆக 96 சீட்டுகள் கொண்ட அவ்வாட்டத்தில் சஃபேத் என்பது வெள்ளை, அது வெள்ளிக்காசு. சுர்க் என்பது சிவப்பு, அது பொற்காசு. இந்திய ஓவியர் முன்னதற்குச் சந்திரனையும் பின்னதற்குச் சூரியனையும் தீட்டினர். இரவும் பகலும் போல் அமைந்த இந்த இணையை யாரும் ஒருவருக்கு இருமுறை கற்பிக்க வேண்டியதில்லை.

பட்டறையிலிருந்து வந்த நிறங்கள்

நான்கு நிறங்கள் ஏன் சிவப்பு, பச்சை, மஞ்சள், கருப்பு என்றே அமைந்தன? விடை கடைசல் பட்டறையில் இருக்கிறது. ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாக்காவிலும் கன்னட நாட்டின் சென்னபட்டணத்திலும் இன்றும் நடக்கும் வேலையைப் பார்த்தால் அது விளங்கும். இரண்டிடத்திலும் வெட்பாலை மரமே முதன்மையான பொருள். சுழலும் மரத்தின்மேல் சாயம் கலந்த அரக்குக் குச்சியை அழுத்துவர். உராய்வின் சூட்டால் அரக்கு உருகி மரத்தில் படியும். சென்னபட்டணத்தில் தாழை ஓலையால் அதற்கு மெருகேற்றுவர். ஒரு குச்சிக்கு ஒரு நிறம். மஞ்சள் கிழங்கிலிருந்து மஞ்சளும், அரக்கிலிருந்தே சிவப்பும், அவுரியிலிருந்து நீலமும், நீலமும் மஞ்சளும் கூடிப் பச்சையும், புகைக்கரியிலிருந்து கருப்பும் பழங்காலத்தில் எளிதாகக் கிடைத்தன.

சென்னபட்டணத்துக் கைத்தொழிலைத் திப்பு சுல்தான் பாரசீகக் கைவினைஞரை வரவழைத்து வளர்த்தார் என்பது அவ்வூர் வழக்கு. பிற்காலத்தில் ஜப்பானிய முறைகளைப் புகுத்தி அதனைச் செழிக்கச் செய்த பாவாஸ் மியான் என்ற பெரியவரை இன்றும் நன்றியோடு நினைவு கூர்கின்றனர். நமது சமுதாயக் கைகள் பல அத்தொழிலில் உழைத்துள்ளன. ஆக, காய்களின் நிறத்தை முதலில் தேர்ந்தது ஆடுபவரின் கண்ணன்று. செய்பவரின் கைக்கு எட்டிய சாயம். அழகாகப் படியும் நிறம் எல்லாக் கண்ணுக்கும் தெளிவாகத் தெரியும் நிறமாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை.

சிவப்பும் பச்சையும் செய்யும் அநீதி

சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள பகைமை நம் கண்ணுக்கு மிகத் தெளிவு என்று எண்ணுகிறோம். எல்லாருடைய கண்ணும் அப்படியன்று. இங்கிலாந்தின் வேதியியல் அறிஞர் ஜான் டால்டன், தம் கண்ணுக்கு நிறங்கள் பிறருக்குத் தெரிவதுபோல் தெரியவில்லை என்பதை 1794-இல் அறிஞர் அவையில் எடுத்துரைத்தார். இக்குறை பெரும்பாலும் தாய்வழியே மகனுக்கு வருவது. பெண்களிடம் மிக அரிது. ஐரோப்பிய ஆண்களில் ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவர் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் இடர்ப்படுகின்றனர். நம் நாட்டில் அவ்விகிதம் அதைவிடக் குறைவு. குறைவு என்றாலும் ஒரு பெரிய குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு இருந்தால் போதாதா?

அப்பிள்ளைக்குத் தனக்குக் குறை இருப்பதே தெரியாது. பச்சைக் காயை எடுப்பதற்குப் பதிலாகச் சிவப்புக் காயை எடுப்பான். கவனமில்லாதவன் என்று அண்ணன் கடிவான். கள்ள ஆட்டம் ஆடுகிறான் என்று அக்காள் சொல்வாள். நாளடைவில் அவன் பலகையை விட்டு எழுந்து போவான். அவன் செய்த பிழை ஒன்றுமில்லை. காய்க்குச் சாயம் தேர்ந்தவர், எல்லாருக்கும் தம் கண்ணே கண் என்று எண்ணியதன் விளைவு அது.

முதியோர் நிலையும் அத்தகையதே. வயது ஏற ஏறக் கண்மணியின் வில்லை மஞ்சளிக்கும். நீலமும் பச்சையும் அவர்களுக்கு நெருங்கிப் போகும். மஞ்சள் விளக்கொளியில் வெள்ளையும் மஞ்சளும் மயங்கும். அந்தி மங்கலில் சிவப்பு கருத்துப் போகும். பகலில் தெளிவாக இருந்த பலகை மஃரிபுக்குப் பின் குழப்பமாவது இதனால்தான். 'எனக்கு இப்போது ஆட்டமெல்லாம் பிடிப்பதில்லை' என்று நன்னிம்மா சொல்லும்போது, பிடிக்காதது ஆட்டமா, தெரியாதது நிறமா என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது.

கேரமும் கண்ணற்றோர் சதுரங்கமும்

இவ்வகையில் நம் வீட்டுக் கேரம் பலகை ஒரு நல்லாசிரியர். 9 கருப்பு, 9 வெள்ளை, நடுவே சிவப்பு ராணி ஒன்று. வெள்ளை என்று நாம் சொல்வது உண்மையில் வெள்ளையன்று, வெளிறிய மரநிறம். கருப்புக்கு எதிரே அதுவே போதுமான வெள்ளை. ராணியோ ஒன்றே ஒன்று. அது பலகையின் நடுவிலிருந்து புறப்படுவதால், நிறத்தில் ஐயமுற்றவரும் அது சென்ற வழியைக் கண்டு அறியலாம். பலகைக்கு மேலே தாழத் தொங்கும் விளக்கு மீதி ஐயத்தையும் போக்கிவிடும்.

இந்தத் தெளிவு, ஏழை வீட்டுப் பிள்ளையும் எளிதில் கற்று உயரக்கூடிய ஆட்டமாகக் கேரமை ஆக்கியதற்கு ஒரு காரணம் என்பது நம் கருத்து. அனைத்துலகக் கேரம் கூட்டமைப்பு 1988-இல் சென்னையில்தான் தோன்றியது. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் உலக வாகையர் பட்டம் வென்று, 1996-க்குரிய அர்ஜுனா விருதும் பெற்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில், ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளான சென்னைப் பெண் காசிமா 3 தங்கப் பதக்கங்களை வென்று வந்ததை நம் வீடுகள் பெருமையோடு பேசின.

இதற்கும் ஒரு படி மேலே செல்வது பார்வையற்றோர் ஆடும் சதுரங்கம். அதில் கருப்புக் கட்டங்கள் சற்றே உயர்ந்திருக்கும். ஒரு படையின் காய்களுக்குத் தலையில் சிறு முனை இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் காயைச் செருகத் துளை இருக்கும். அவர்களுக்கென்று உலக அமைப்பே இயங்கி வருகிறது. நிறத்தின் வேலையை அங்கே விரல் செய்கிறது. சோழியையும் கொட்டையையும் காயாக வைத்த நம் பாட்டிமார் செய்ததும் இதுவே. நிறம் சொல்லும் செய்தியை வடிவமும் கூடவே சொல்லுமாறு அவர்கள் அமைத்திருந்தார்கள்.

வீட்டில் செய்யத்தக்கவை

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க நெறிகள் சிலவே. இருவர் ஆட்டத்துக்குக் காய் வாங்கும்போது ஒன்று வெளிறியதாகவும் ஒன்று கருத்ததாகவும் இருக்கட்டும்; நிறம் எதுவாயினும் சரி. கடையிலேயே கைப்பேசியில் கருப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிகின்றனவா என்பது விளங்கிவிடும். நால்வர் கூட்டாக ஆடினால் சிவப்பும் மஞ்சளும் ஒருபுறம், நீலமும் பச்சையும் ஒருபுறம் என்று உறவு நிறங்களை ஓரணியில் வையுங்கள். ஆனால் ஓரணிக்குள்ளும் ஒன்று மற்றதைவிட வெளிச்சமாக இருத்தல் வேண்டும். இல்லையேல் நண்பர் இருவரின் காய்களும் மயங்கும். சிவப்பும் பச்சையும் கலந்தே தீர வேண்டிய பலகையாயின், ஒரு நிறத்துக் காய்களின் தலையில் சுண்ணாம்பாலோ நகப்பூச்சாலோ ஒரு பொட்டு வையுங்கள். இதற்குச் செலவு ஏதுமில்லை.

எல்லைக் கோட்டின் இருபுறத்திலும் ஒரே ஆட்டம் நிலைத்திருந்ததற்குக் காரணம், காயின் அடையாளம் இரு மொழியாருக்கும் பொதுவாக இருந்தமையே. அதே பொதுமை ஒரு வீட்டுக்குள் பல வகைக் கண்களுக்கும் வேண்டும். ஆட்டத்தில் வெற்றியும் தோல்வியும் அறிவாலும் தாயம் விழுவதாலும் வரட்டும். சாயத்தால் ஒருவரும் தோற்க வேண்டாம்.